பதினெட்டு போடாதவள்

படகுத் துறையில் வேலை பார்ப்பவர்களுக்கு "பதினெட்டு" என்பது எண் அல்ல, பதில். "பிரஷர் மாத்திரை போட்டீங்களா?" என்று வீட்டில் கேட்டால் "பதினெட்டு" என்பார்கள். "கதவைப் பூட்டினியா?" "பதினெட்டு." பார்க்கவில்லை, பார்க்கப் போவதும் இல்லை, எல்லாம் நன்றாகத்தான் இருக்கும், ஆளை விடு என்று அர்த்தம்.

இந்தச் சொல் பிறந்தது என்ஜின் அறையில் கிடக்கும் பதிவுப் புத்தகத்தில். என்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று ஆர்.பி.எம். மீட்டரைப் பார்த்து மணிக்கு ஒரு முறை அதில் எழுத வேண்டும். எல்லாம் ஒரே ரகத்துப் பழைய டீசல் என்ஜின்கள்; முழு வேகத்தில் ஆயிரத்து எண்ணூறு சுற்ற வேண்டும் என்று தகட்டில் அடித்திருக்கிறது. ஆனால் துறையில் ஓடுகிற ஏழு பயணிகள் படகுகளில் ஐந்தில் மீட்டர் முள் செத்து நாளாகிறது. ஒன்றில் முள்ளே கிடையாது, கண்ணாடி மட்டும் பளபளவென்று இருக்கும். ஆகவே டிரைவர்கள் மாதத்தின் முதல் தேதி காலையில் உட்கார்ந்து, முப்பது நாளுக்கும் சேர்த்து மேலிருந்து கீழே 1800, 1800 என்று ஒரே மூச்சில் எழுதித் தள்ளிவிடுவார்கள். இதற்குப் பெயர் பதினெட்டு போடுவது. இதில் யாருக்கும் வெட்கமில்லை. புத்தகத்தை யாராவது படித்தால்தானே வெட்கப்பட?

நான்காம் எண் படகின் டிரைவர் மட்டும் பதினெட்டு போட மாட்டாள். அவளை எல்லோரும் டெய்லரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். வயது நாற்பத்தேழு. முள் எங்கே நிற்கிறதோ அதைத்தான் எழுதுவாள். 1760, 1770, சில நாள் 1755. அச்சடித்த மாதிரி எல்லாப் புத்தகமும் ஒரே எண்ணாக இருக்கையில் இவள் புத்தகம் மட்டும் ஏறியிறங்கிக் கிடக்கும். "ஏம்மா, முப்பது நாப்பது சுத்தை மிச்சம் பிடிச்சு வீட்டுக்கா எடுத்துட்டுப் போற?" என்று மற்ற டிரைவர்கள் கிண்டல் செய்வார்கள். "உங்க படகுல முள்ளு இருந்தா நீங்களும் எடுத்துட்டுப் போங்க அண்ணே" என்பாள். அவள் பேச்சு எப்போதும் வெட்டு ஒன்று, துண்டு இரண்டு. கத்தரிக்கோல் பிடித்த கை அல்லவா.

உண்மையில் அவள் தையல்காரிதான். துறைக்குப் பின்னால் இரண்டாவது தெருவில் அவளும் கணவனும் கடை வைத்திருந்தார்கள். படகு இருக்கைகளுக்கு உறை தைக்கும் வேலை கிடைத்தது. டேப்பும் நோட்டுமாக அளவெடுக்க வந்தவள், நடுத்தளத்தில் திறந்து கிடந்த ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தாள். கீழே சாம்பல் நிற வண்ணம் பூசிய ஆறு சிலிண்டர் என்ஜின் உறுமிக்கொண்டிருந்தது. அப்போதிருந்த டிரைவர், "எறங்காதீங்கம்மா, எண்ணெய் பட்டுடும்" என்றார்.

"எண்ணெய் பட்டா தொவைச்சுக்கலாம்" என்று சொல்லிவிட்டு இறங்கினாள். இறங்கியவள்தான்.

இருக்கை உறைகளைத் தைத்துக் கொடுத்த பிறகும் வந்தாள். ஏன் வருகிறாள் என்று துறையே வாயைப் பிளந்தது. எண்ணெய் மாற்றினாள், வடிகட்டி கழற்றினாள், திட்டு வாங்கினாள், திருப்பிக் கொடுத்தாள். நான்கு வருடம் கழித்து டிரைவர் பரீட்சைக்குப் பணம் கட்டினாள். முதல் தடவை தோற்றாள். "வீட்டு மெஷினைப் பாரும்மா" என்றார் பரீட்சகர். அடுத்த வருடம் அதே பரீட்சகர் முன்னால் போய் உட்கார்ந்து, "வீட்டு மெஷின் நல்லா ஓடுது சார், இப்ப உங்க மெஷினைப் பாக்கலாமா?" என்று கேட்டு, தேறினாள். கணவன் காக்கித் துணியில் பதினோரு பை வைத்து ஒரு மேலங்கி தைத்துக் கொடுத்தான். "ஸ்பேனருக்கு ஒண்ணு, வாய்க்கு ஒண்ணு" என்றான். "வாயை அப்பப்ப அதுல போட்டுக்க." இதெல்லாம் நடந்து பதினோரு வருடம் ஆகிறது.

வம்பு ஆரம்பித்தது மூன்று வாரம் முன்பு. என்ஜினோடு பெல்ட்டால் சுற்றி பேட்டரிக்கு மின்சாரம் கொடுக்கும் ஆல்டர்னேட்டர் புகைந்துபோனது. பட்டறை ஃபோர்மேன் வந்து, இரண்டு நடைகளுக்கு நடுவிலுள்ள இடைவேளையில், அவசரம் அவசரமாக வேறொன்றை மாட்டிவிட்டுப் போனார். அன்று மேலே சுக்கான் பிடிக்கிற ஸ்ராங்கு இரண்டு மணி அடித்தார். ஒரு மணி என்றால் மெதுவாக, இரண்டு மணி என்றால் முழு வேகம். அவள் லீவரை முழுக்கத் தள்ளினாள். என்ஜின் வழக்கம்போல உறுமியது. முள் ஏறியது, ஏறியது, 1320-க்கு வந்ததும் போதுமடா சாமி என்று நின்றுகொண்டது.

சத்தத்தில் மாற்றமில்லை. புகை நிறம் மாறவில்லை. அக்கரை சேர எப்போதும்போல இருபத்திரண்டு நிமிடம். மீட்டருக்கு ஒயர் வருவது ஆல்டர்னேட்டரிலிருந்துதான் என்பதால், கோளாறு எங்கே இருக்கும் என்று அவளுக்கு அப்போதே பிடிபட்டுவிட்டது. கரை சேர்ந்ததும் ஃபோர்மேனிடம் போய்ச் சொன்னாள்.

"முள்ளு கெடக்குதும்மா. நீ பதினெட்டு போடு" என்றார் அவர்.

"முள்ளு ஆயிரத்து முன்னூத்தி இருபதுல நிக்குது. அதைத்தான் எழுதுவேன்."

"எழுதிக்கோ. யாரு படிக்கப் போறாங்க?"

எழுதினாள். மணிக்கு மணி, மூன்று வாரம், 1320.

யாரும் படிக்காத புத்தகத்தைப் படிக்க ஒருவர் வந்து சேர்ந்தார். தலைமை அலுவலகத்துக்குப் புதிதாக வந்த டெக்னிக்கல் ஆபீசர். பாவம், அவருக்கு அது வேலை என்று யாரோ சொல்லிவிட்டார்கள், அவரும் நம்பிவிட்டார். ஏழு புத்தகங்களையும் மேஜையில் அடுக்கிப் புரட்டினார். ஆறு படகுகள் வெண்ணெயாக ஓடுகின்றன, ஒரு சுற்றுகூடக் குறையாமல். நான்காம் எண் படகு மட்டும் 1760-இல் ஓடிக்கொண்டிருந்தது ஒரே நாளில் 1320-க்கு விழுந்திருக்கிறது. அப்படியே மூன்று வாரம் ஓட்டியிருக்கிறார்கள். அவர் வேறென்ன நினைப்பார்? என்ஜினுக்குப் பெரிய அடி, டிரைவர் கவனிக்காமல் ஓட்டிக் கெடுத்திருக்கிறார் என்று நினைத்தார். உத்தரவு வந்தது. படகைச் சேவையிலிருந்து நிறுத்தி என்ஜினைப் பிரிக்க வேண்டும். டிரைவர் திங்கட்கிழமை முதல் டிக்கெட் கவுண்டரில் உட்கார வேண்டும்.

உண்மையை எழுதியவள் குற்றவாளி, பார்க்காமல் எழுதிய ஆறு பேரும் உத்தமர்கள். இதைக் கேட்டு அவளுக்கு அழுகை வந்தது. ஆத்திரத்தில் வந்த அழுகை. துக்கத்தில் வருவதை விட அது அதிகமாக எரியும். டிக்கெட் கவுண்டரில் உட்காருவது கேவலம் என்று அவள் நினைக்கவில்லை. என்ஜினைக் கெடுத்தவள் என்று பெயர் வாங்கிக்கொண்டு அங்கே போய் உட்காருவதைத்தான் அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

உத்தரவைக் கொண்டுவந்தவர் ஃபோர்மேன். ஒரு கையில் உத்தரவு, மறு கையில் புத்தம் புதிதாக ஒரு பதிவுப் புத்தகம். கோபமாக இருந்தால் "டெய்லரம்மா" என்பார், காரியம் ஆக வேண்டும் என்றால் "தங்கச்சி" என்பார்.

"தங்கச்சி" என்றார். "ஒரு மணி நேர வேலை. இந்த மூணு வாரத்தையும் இதுல திருப்பி எழுதிடு. பதினெட்டு, பதினெட்டுன்னு போட்டுட்டே வா. பழைய புத்தகத்துல தண்ணி கொட்டிடுச்சுன்னு நான் சொல்லிக்கறேன்."

"புத்தகத்துல தண்ணியே கொட்டலையே அண்ணே."

"கொட்டிட்டா போச்சு."

"நீங்க மாட்டின ஆல்டர்னேட்டர்ல பெல்ட் ஓடுற சக்கரம், அந்தப் புல்லி, பெருசு. அதான் மெதுவா சுத்துது, முள்ளு கம்மியா காட்டுது. அதை எழுதிக் குடுங்களேன். விஷயம் முடிஞ்சுது."

ஃபோர்மேன் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "அதே சைஸ்தான் மாட்டினேன்! பழையதைப் பாக்கணுமா, போய் ஆக்கர்கடையில பழைய இரும்புக் குவியல்ல தேடு."

அவள் சுவரில் ஆணியில் தொங்கிய பழைய பெல்ட்டை எடுத்து அவர் முன்னால் ஆட்டினாள். "இது இப்ப எட்ட மாட்டேங்குது. நீங்க நீளமான பெல்ட் மாட்டியிருக்கீங்க. பழைய பெல்ட் பத்தலைன்னா இடுப்பு பெருத்துடுச்சுன்னு அர்த்தம். உங்களுக்குத் தெரியாததா அண்ணே?"

ஃபோர்மேன் தன்னையறியாமல் தன் இடுப்பைப் பார்த்துக்கொண்டார். ஓட்டைக்கு மேலே நின்றிருந்த ஸ்ராங்கு சிரிப்பை இருமலாக மாற்றினார்.

"சரி, புத்தகம் வேணாம்" என்று ஃபோர்மேன் இறங்கி வந்தார். "மீட்டருக்குப் பின்னாடி ஒரு குட்டி ஸ்க்ரூ இருக்குது பாரு. அதைத் திருப்பினா முள்ளு நகரும். நானே பதினெட்டுல நிறுத்திடறேன். ஆபீசர் வந்து பாத்தா, ஆயிரத்து எண்ணூறு. அவரும் சந்தோஷமா போயிடுவாரு."

"நிஜமா எத்தனை சுத்துதுன்னு தெரியாம எங்க கொண்டு போய் நிறுத்துவீங்க?"

"பதினெட்டுலதான்."

"பதினெட்டுன்னு யாரு எண்ணினது?"

அவர் உத்தரவைக் கருவிப் பெட்டி மேல் வைத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துக் கேட்டார். அவள் அதைப் படித்தாள், திரும்பவும் நான்காக மடித்தாள், அவர் சட்டைப் பையிலேயே செருகிவிட்டாள்.

வீட்டுக்கு வந்தபோது வீராப்பில் பாதி கரைந்திருந்தது. கடையும் வீடும் ஒன்றுதான். முன்னறையில் மெஷின்கள், பின்னறையில் வாழ்க்கை. கணவன் ஓவர்லாக் மெஷினில் பள்ளிச் சீருடைகளுக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தான். அவள் துணிக் குவியல் மேலேயே உட்கார்ந்தாள்.

அவளைக் குடைந்தது ஃபோர்மேன் அல்ல. பெல்ட் விஷயத்தில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இன்றைக்குப் பொய் சொல்கிற முள், நேற்று சொன்னது மட்டும் நிஜம் என்று எப்படித் தெரியும்? பதினோரு வருடமாக அவள் எழுதிய 1760-களே தப்பாக இருந்தால்? என்ஜின் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்து, கூடவே அவள் காதும் பழகிப்போயிருந்தால்? அப்படி இருந்தால் அவளுக்கும் மற்றவர்களுக்கும் என்ன வித்தியாசம்? அவர்கள் பார்க்காமல் எழுதினார்கள், இவள் பார்த்து ஏமாந்தாள். இதை நினைத்ததும் அவளுக்குப் பயமாக இருந்தது. ஃபோர்மேனிடம் காட்டிக்கொள்ளாத பயம்.

மெஷின் தடதடவென்று ஓடியது. தரையில் நின்ற கோன் கண்டிலிருந்து நூல் உச்சி வழியாக விர்ரென்று உருவிக்கொண்டு போனது. அவள் அதையே பார்த்தாள்.

"ஏங்க, இந்த மெஷின் ஒரு நிமிஷத்துல எவ்வளவு நூல் குடிக்கும்?"

"ஏன், அதுக்கும் லாக் புக் போடப் போறியா?"

"சொல்லுங்களேன்."

"ஓட்டி, வெட்டி, அளந்தா தெரியும்."

அவள் விருட்டென்று எழுந்தாள். படகின் ஷாஃப்ட், என்ஜினிலிருந்து பின்பக்கச் சுழல்விசிறிக்குப் போகும் இரும்புத் தண்டு, தரைப் பலகைக்கு அடியில் திறந்தபடி சுற்றுகிறது. கியர்பெட்டியில் மூன்றுக்கு ஒன்று என்று அடித்திருக்கிறது: என்ஜின் மூன்று சுற்று சுற்றினால் ஷாஃப்ட் ஒரு சுற்று. ஓடுகிற ஷாஃப்டில் நூலைப் பிடிக்கவிட்டு, கணக்கான நேரத்தில் வெட்டி, நூலை அளந்து, ஷாஃப்டின் சுற்றளவால் வகுத்தால் எத்தனை சுற்று என்று தெரிந்துவிடாதா? முள்ளும் வேண்டாம், ஒயரும் வேண்டாம், ஆல்டர்னேட்டரும் வேண்டாம்.

அவள் சொல்லி முடிக்கும்வரை கணவன் பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டுக் கேட்டான். நல்ல யோசனை என்று சொல்லவில்லை. அவன் முகம் வெளுத்திருந்தது.

"சுத்துற தண்டுல கையைக் கொண்டுபோவியா?"

"கை போகாது. நூல்தான் போகும்."

"முடி?"

"கட்டிக்கறேன்."

"சின்ன ரீல் எடுத்துட்டுப் போகாத, குதிக்கும். கோனை நிக்க வச்சு உருவ விடு. பழைய நூல் எடு, சிக்கினா பட்டுன்னு அறுந்துடணும். முறுக்கு நூல் அறுந்து போகாது, ஆளை இழுக்கும்." சொல்லிவிட்டு, கொடியில் கிடந்த அவள் மேலங்கியை இழுத்து, கைகள் இரண்டையும் முழங்கைக்கு மேல் சரக் சரக்கென்று வெட்டி, ஓரம் அடித்தான். அவ்வளவு கோபமாக அவன் தைத்து அவள் பார்த்ததில்லை.

சனிக்கிழமை காலை ஆபீசர் வந்தார். ஒடிசலான ஆள், பளிச்சென்ற காலணி, கையில் படிவங்கள். கடைசியாக ஒரு நடை ஓட்டிப் பார்த்து, முள் காட்டுவதைக் குறித்துக்கொண்டு, படகை நிறுத்தக் கையெழுத்துப் போட வேண்டும். கூடவே ஃபோர்மேன்.

"சாவியை ஒப்படைச்சுடுங்கம்மா" என்றார் ஆபீசர். முரட்டுத்தனமாக அல்ல.

"ஒப்படைக்க மாட்டேன் சார். நீங்க ஒருத்தராவது புத்தகத்தைப் படிச்சீங்க, அதுக்கு உங்களுக்கு நன்றி. ஆனா தப்பாப் படிச்சிருக்கீங்க."

ஃபோர்மேன் "டெய்லரம்மா!" என்றார்.

"நான் எழுதினது சத்தியம். முள்ளு காட்டினதைத்தான் எழுதினேன். என்ஜின் நல்லா இருக்குங்கறதும் சத்தியம். ரெண்டும் சத்தியம்னா முள்ளுதான் பொய்யி. அரை மணி நேரம் குடுங்க, உங்க கையாலயே எண்ணிக்குங்க. ஆயிரத்து எழுநூறுக்குக் கீழ வந்தா சாவியும் தர்றேன், இந்தச் சட்டையையும் கழட்டித் தர்றேன்."

"ஆயிரத்து எழுநூத்திப் பத்து" என்றார் ஆபீசர். "தொண்ணூறு வரைக்கும் குறையலாம். அதுக்குக் கீழ வந்தா படகு நிக்கும்."

"பத்து சேத்தே வச்சுக்குங்க" என்றவள், கோன் கண்டைக் காட்டி, ஷாஃப்டின் சுற்றை நூலால் எண்ணும் முறையைச் சொன்னாள்.

"சார், நூல் சுத்தறதெல்லாம் சின்னப்புள்ள விளையாட்டு" என்று ஃபோர்மேன் குறுக்கே விழுந்தார். ஆபீசர் கோன் கண்டைப் பார்த்தார், அவள் மேலங்கியின் வெட்டிய கைகளைப் பார்த்தார். "நூல் மேல நூல் ஏறினா சுத்தளவு கூடிடுமே? கணக்குத் தப்பாதா?" என்றார். கேள்வி சரியான கேள்வி. அவளுக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போனது.

"மேல ஏறாது சார். பக்கத்துல பக்கத்துல படிய விடுவேன். முப்பது வருஷமா பாபின் சுத்தற கை."

நிறுத்தியிருந்த படகில் பலகையைத் தூக்கி ஷாஃப்டைத் துடைத்தாள். டேப்பைச் சுற்றினாள்: பதினாறு சென்டிமீட்டர். ஆபீசரும் ஒரு முறை சுற்றிப் பார்த்தார்: பதினாறு. இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பை ஷாஃப்டில் ஒரு வளையமாக ஒட்டினாள், நூல் முனை பட்டதும் பிடித்துக்கொள்ள.

படகு கரையை விட்டு நகர்ந்தது. ஸ்ராங்கு ஒரு மணி அடித்தார், பிறகு இரண்டு. லீவர் முழுக்கப் போனது. முள் வழக்கம்போல 1320-இல் போய்ப் படுத்துக்கொண்டது. ஃபோர்மேன் அதைச் சுட்டிக்காட்டினார், யாருக்கும் தெரியாத ரகசியம்போல.

அவள் பலகைக்குப் பக்கத்தில் குப்புறப் படுத்தாள். வலது கையில் நூல், இடது கையில் கத்தரிக்கோல். ஆபீசர் கைபேசியில் நேரம் வைத்தார். "இருபது செகண்ட். ரெடி... விடுங்க!"

நூல் முனை பட்டதும் ஷாஃப்ட் அதை வாங்கிக்கொண்டது. கோனிலிருந்து நூல் உருவி ஓட, அவள் கை மயிரிழை மயிரிழையாகப் பின்னால் நகர்ந்தது. எண்ணெய்ச் சூடு முகத்தில் அடித்தது. கண்ணிமைக்கவில்லை.

"வெட்டுங்க!"

கிளிக்.

வேகம் குறைத்து, ஷாஃப்டை நிறுத்தி, நூலைப் பிரித்து மேல்தளத்துக்குக் கொண்டுபோனார்கள். ஆபீசர் தானே இருக்கையின் மேல் மீட்டர் ஸ்கேலை வைத்து அளந்தார். முப்பத்தோரு மீட்டர், முப்பத்தாறு சென்டிமீட்டர். கைபேசியில் வகுத்தார். "நூத்தித் தொண்ணூத்தாறு சுத்து. நிமிஷத்துக்கு ஐநூத்தி எண்பத்தெட்டு. மூணால பெருக்கினா..." அவர் நிறுத்தினார். திரும்பவும் தட்டிப் பார்த்தார். "ஆயிரத்து எழுநூத்தி அறுபத்தி நாலு."

ஃபோர்மேன், "ஒரு தடவை வந்தா ஆச்சா சார்?" என்றார்.

"ஆகாதுதான்" என்றாள் அவள். "இன்னொரு தடவை பாக்கலாம்."

இரண்டாம் முறை 1755 வந்தது. மூன்றாம் முறை ஆபீசர் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்து, முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டு, பளிச்சென்ற காலணியோடு எண்ணெயில் முட்டி போட்டார். அவள் அவர் பின்பக்கக் காலரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நேரம் சொன்னாள். அவருக்கு நூல் கொஞ்சம் மேடாகவே ஏறியது, ஆனாலும் 1773.

மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தார்கள். 1764.

ஆபீசர் பிறகு பதிவுப் புத்தகத்தை எடுத்தார். மூன்று வாரத்தைத் தாண்டிப் பின்னால் புரட்டினார். போன மாதம் 1760, 1770, 1765. அலமாரியிலிருந்து பழைய புத்தகங்களை எடுத்துத் தரச் சொன்னார். போன வருடம் 1765. ஐந்து வருடம் முன்பு 1775. புத்தகத்தையும் தன் கைபேசியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதெல்லாம் நிஜமாவே பாத்து எழுதினதா?"

"பாக்காம எப்படி சார் எழுதுவாங்க?" என்று அவள் கேட்டாள். பதினோரு வருடத்து எண்கள் பொய்யில்லை, அவளும் ஏமாறவில்லை. திரும்பி நின்று, துடைத்த ஷாஃப்டையே இன்னொரு முறை துடைத்தாள்.

ஆபீசர் ஆல்டர்னேட்டரின் புல்லியைப் பார்த்தார், நீள பெல்ட்டைப் பார்த்தார், கடைசியாக ஃபோர்மேனைப் பார்த்தார். "பழைய சைஸ் ஸ்டாக்ல இல்ல சார்" என்றார் ஃபோர்மேன், தரையைப் பார்த்தபடி. மூன்று வாரம் பூசி மெழுகியது ஒரு வரியில் வெளியே வந்துவிட்டது.

"மீட்டருக்குப் பின்னாடி ஸ்க்ரூ இருக்கு சார்" என்றாள் அவள். குட்டி ஸ்க்ரூடிரைவரை அவரிடமே நீட்டினாள். "நீங்களே திருப்புங்க."

படகு மீண்டும் முழு வேகத்துக்கு வந்தது. அவர் திருப்பத் திருப்ப முள் எழுந்து, 1500, 1600, 1700 என்று ஏறியது. இத்தனைக்குப் பிறகும் ஃபோர்மேனுக்குப் பழக்கம் விடவில்லை. "அப்படியே ரவுண்டா ஆயிரத்து எண்ணூறுல வச்சிடுங்க சார், பாக்க நல்லா இருக்கும்."

"எழுநூத்தி அறுபத்தி நாலு" என்றாள் அவள். 1750 கோட்டைத் தாண்டி ஒரு நூலளவு தள்ளி முள் நின்றது.

"இவ்வளவு சுலபமா?" என்றார் ஆபீசர். "இந்த ஸ்க்ரூ உங்களுக்கு முன்னாடியே தெரியும். மூணு வாரம் முன்னாடியே திருப்பியிருக்கலாமே?"

"திருப்பியிருந்தா முள்ளு நான் சொன்ன இடத்துல நின்னிருக்கும் சார். நான் சொன்ன இடம் சரின்னு யாரு சொல்றது? நானும் பதினெட்டு போட்ட ஆளா ஆகியிருப்பேன்."

"பதினெட்டா?"

ஸ்ராங்கு மேலேயிருந்து பலமாக இருமினார். அவள் ஸ்க்ரூடிரைவரை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

ஆபீசர் சிவப்புப் பேனாவை எடுத்து, மூன்று வாரத்து 1320-களையும் அடிக்கப் போனார். அவள் பக்கத்தின் மேல் உள்ளங்கையை வைத்து மறைத்தாள். "அடிக்காதீங்க. அன்னைக்கு முள்ளு காட்டினது அதுதான். கீழ காரணத்தை எழுதி, கையெழுத்துப் போடுங்க." அவர் அவளையும் உள்ளங்கையையும் பார்த்துவிட்டு எழுதினார்: புல்லி மாற்றத்தால் மீட்டர் குறைவாகக் காட்டியது, என்ஜினில் குறை இல்லை, நூலால் மூன்று முறை அளந்து சரிசெய்யப்பட்டது. தேதி போட்டார். பிறகு மெதுவாக, "மத்த ஆறு படகும் ஆயிரத்து எண்ணூறு, ஆயிரத்து எண்ணூறுன்னு எழுதியிருக்காங்களே. அதெல்லாம்?" என்று கேட்டார்.

ஃபோர்மேன் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார்.

"அது அந்தந்த டிரைவரைக் கேக்க வேண்டியது சார். நான் கோள் சொல்ற ஆள் இல்லை" என்றாள். "நூல் வேணும்னா தர்றேன்."

படகு கரையில் அணைந்தது. துறையில் அடுத்த நடைக்கான பயணிகள் வரிசையாக நின்றார்கள். ஆபீசர் ஃபோர்மேனின் பக்கம் கையை நீட்ட, ஃபோர்மேன் சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த உத்தரவை எடுத்துக் கொடுத்தார். ஆபீசர் அதைப் பிரித்தார். பெற்றுக்கொண்டதற்கான இடத்தில் கையெழுத்து இல்லாததைக் கவனித்தார். குறுக்கே ஒரு கோடு போட்டு, ரத்து என்று எழுதி, தன் கையெழுத்தை வைத்தார்.

"திங்கட்கிழமை நீங்க டிக்கெட் கவுண்டருக்குப் போக வேண்டாம்மா" என்றார்.

அவள் அதற்குள் ஓட்டைக்குள் பாதி இறங்கிவிட்டிருந்தாள். தலை மட்டும் தளத்துக்கு மேலே தெரிந்தது.

"போறேன்னு நான் எப்ப சார் சொன்னேன்?"